நிற்கும் வண்டியில் அளந்த இடைவெளி

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. கரிசல் வெளியில் பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கட்டியிருந்தால் செங்கல் மிச்சம், நிலமும் மிச்சம். அப்படிக் கட்ட அனுமதி கிடைக்காது. எவ்வளவு வெடிமருந்து இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வகுத்து வைத்திருக்கின்றன. வேலை ஒழுங்காக நடக்கும் நாளை மனத்தில் வைத்துப் போட்ட தூரம் அல்ல அது. ஓர் அறை வெடிக்கும் அந்த ஒரு நொடிக்காகப் போட்டது.

மோட்டார் சைக்கிளில் கம்பெனி கொடுத்த ஷாக்கைக் கழற்றிவிட்டு வேறு ஷாக், வேறு சைலன்சர் மாட்டும்போது ஒரு பாகம் இன்னொன்றை இடிக்கும் இடிபாட்டுச் சிக்கலையும் இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும். பட்டறையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டியில் சைலன்சருக்கும் ஷாக்குக்கும் நடுவே விரல் நுழைகிறது, சரியாகிவிட்டது என்று நட்டை முறுக்கிவிடுகிறோம். அந்த இடைவெளி, வண்டி ஓடாத நேரத்துக்கு உரியது. வண்டி ஓடும்போது பின்சக்கரம் ஏறி இறங்கும், குழாய் சூட்டில் நீளும், ரப்பர் புஷ் அமுங்கும், பின்னால் ஆள் ஏறினால் எல்லாமே ஒரு படி கீழே இறங்கும். இந்த நான்கும் ஒரே சமயத்தில் நடக்கும் நொடியில் மிச்சம் இருப்பதுதான் இடைவெளி. விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் சாலைகளில் அப்படிப்பட்ட நொடிக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் வண்ணம் பூசாத வேகத்தடை ஒன்றாவது இருக்கும், அதில் டபுள்ஸில் ஏறி இறங்காத நாளும் இராது.

கையில் எடுத்துப் பேச வசதியாக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். சென்னைப் பக்கத்து ஆலைகளில் உருவாகி 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. பக்கத்துக்கு ஒரு ஷாக், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். சக்கர இடைத்தூரம் 1400 மி.மீ. தரையிலிருந்து அடிப்பாகம் 174 மி.மீ. உயரம். பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம் 88 மி.மீ. ஷாக்கும் சைலன்சரும் ஒன்றையொன்று உரசிப் பார்க்கும் தூரத்தில் இருப்பதால் நம் பேச்சுக்கு நல்ல உதாரணம். வாங்கிய ஆறாம் மாதத்திலேயே இரண்டையும் மாற்றிவிடுகிறவர்கள் ஏராளம் என்பதும் ஒரு காரணம்.

பின்சக்கரம் நேர்க்கோட்டில் ஏறி இறங்குவதில்லை. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு முளையில் சுழலும் சுவிங் ஆர்ம் என்ற கையின் நுனியில் அது தொங்குகிறது, ஆகவே வட்டத்தின் ஒரு துண்டை வரைகிறது. கையின் நீளம் கணக்குக்காக 500 மி.மீ. என்று வைத்தால், 88 மி.மீ. ஏற்றம் என்பது ஏறத்தாழ 10 டிகிரி திருப்பம். கை கிடைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி அதே அளவு மேலே முடிந்தால் சக்கரம் நடுவில் 2 மி.மீ. பின்னுக்குப் போய்த் திரும்பி வரும். கிடைமட்டத்திலேயே தொடங்கினால் 7.8 மி.மீ. முன்னுக்கு வந்துவிடும். ஷாக்கின் கீழ்க் கண்ணும் (மாட்டும் துளை) இதே போன்ற வட்டத்தில்தான் பயணம் செய்கிறது, மேல் கண்ணோ சேசிஸில் நிலையாக இருக்கிறது. எனவே ஷாக் சுருங்கும்போதே சாய்கோணமும் மாறுகிறது. நிற்கும் வண்டியில் செயின் கவருக்கு வெளியே விலகி நின்ற ஸ்பிரிங், சக்கரம் முழுக்க ஏறும்போது கவரின் ஓரத்தைத் தொடுவது இப்படித்தான்.

ஷாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் ஒரே ஓர் அளவைத்தான் கேட்கிறார்கள்: மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை எவ்வளவு நீளம்? அது மட்டும் போதாது. எவ்வளவு சுருங்கும் என்பது இரண்டாவது அளவு, இடிபாட்டைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம். நீளம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஷாக்குகளில் ஒன்று 10 மி.மீ. கூடுதலாகச் சுருங்கினால், டயர் மட்கார்டுக்குள் 10 மி.மீ.க்கும் அதிகமாகவே ஏறும். ஷாக் ஆக்சிலுக்கு முன்னால் மாட்டப்பட்டிருந்தாலோ சாய்ந்து நின்றாலோ சக்கரத்தின் நகர்வு எப்போதும் ஷாக்கின் நகர்வைவிட அதிகம். அந்த விகிதம் 1.1 என்றால் ஷாக்கின் 10 மி.மீ. சக்கரத்தில் 11 ஆகிறது.

‘கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்’ என்று 20 மி.மீ. நீளமான ஷாக் போடுவது நம் பக்கத்தில் பெரிய மோகம். இடிக்கிற சைலன்சருக்கும் அதுவே மருந்து என்று சிலர் சொல்வார்கள். தூக்கினால் என்னென்ன நடக்கும் என்று பார்க்கலாம். பின்பக்கம் 22 மி.மீ. உயர்கிறது. 1400 மி.மீ. நீளத்தில் 22 மி.மீ. உயர்வு என்றால் வண்டி முழுவதும் 0.9 டிகிரி முன்னால் கவிழ்கிறது, முன் ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகிறது. முன்சக்கரத்தை நேராக ஓட வைக்கும் ‘டிரெயில்’ என்ற பின்தொடர் தூரம் 5, 6 மி.மீ. குறைகிறது. ஊருக்குள் திருப்ப லேசாக இருக்கும். மதுரை நெடுஞ்சாலையில் லாரிகளின் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஹேண்டில்பார் அலைபாய்வதும் அதே காரணத்தால்தான்.

சைடு ஸ்டாண்டு இப்போது குட்டை, வண்டி இன்னும் அதிகமாகச் சாய்ந்து நிற்கும். மழை பெய்த கரிசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது படுத்திருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது, ஏனென்றால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்குகிறது. செயின் கதை இதைவிட மோசம். முன் ஸ்பிராக்கெட், சுவிங் ஆர்ம் முளை, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். நீளமான ஷாக்கால் கை தாழ்ந்து நிற்கும்போது ‘சரியான தொய்வு’ வைத்துவிட்டால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் வீணைக் கம்பி மாதிரி விறைத்துப்போகும். எஞ்சினுக்குள் இருக்கும் வெளியீட்டுத் தண்டின் பேரிங் அதற்கு விலை கொடுக்கும். ஷாக் மாற்றிய வண்டியில் செயின் தொய்வை அளக்கவேண்டிய நிலை, அந்த மூன்று மையங்களும் ஒரே கோட்டில் வரும் நிலை. இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்தால் பல வண்டிகளில் அதற்கு அருகில் வந்துவிடும்.

அடுத்த வழி வாஷர். ஷாக் உள்பக்கம் எதையோ இடிக்கிறது, மேல் ஸ்டட்டில் நான்கு வாஷர் போட்டு வெளியே தள்ளிவிடலாம் என்பது தமிழ்நாட்டுப் பட்டறைகள் பலவற்றிலும் காதில் விழும் யோசனை. அந்த ஸ்டட் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள விட்டம். ஷாக் தரும் விசை சேசிஸிலிருந்து 15 மி.மீ. தள்ளி விழுந்தால் ஒரு வளைவுத் திருப்பம். 10 மி.மீ. வாஷர் போட்டு 25 ஆக்கினால் அந்தத் திருப்பம் மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. திரும்பத் திரும்ப வளைபடும் எஃகின் ஆயுள் இதே விகிதத்தில் குறைவதில்லை, பல மடங்கு குறைகிறது. ஸ்டட் ஒரே நாளில் முறியாது. அடியில் முடியளவு விரிசல் விழுந்து, துரு ஏறி, என்றைக்கோ ஒரு பள்ளத்தில் விட்டுப்போகும். மேலே மட்டும் வாஷர் போட்டுக் கீழே போடாமல் விட்டால் ஷாக்கின் தண்டு கோணலாக நுழைந்து வரும். சீல் ஒரு பக்கம் தேய்ந்து எண்ணெய் கசியும். ‘டூப்ளிகேட் ஷாக், அதான் லீக்’ என்று அப்போதும் ஷாக்கின் மீதுதான் பழி விழும்.

வாஷருக்கு மாற்று லேத். சிவகாசியில் அதற்குக் குறையில்லை. அச்சு இயந்திரத்துக்கும் தீப்பெட்டி இயந்திரத்துக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய கைகளுக்கு ஒரு ஷாக் புஷ் பெரிய காரியம் இல்லை. ஒரே துண்டாகக் கடைந்த ஸ்பேசரை மேலும் கீழும் சம அளவில் ஒவ்வொன்று போடவேண்டும். 5 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டாலே அந்த ஷாக் அந்த வண்டிக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கடையும்போது சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நட்டை முறுக்கும்போது அது புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலைத்தான் இறுக்க வேண்டும், ரப்பரை இறுக்கக் கூடாது. குழல் ரப்பரைவிட அரை மி.மீ.யாவது வெளியே நீண்டிருந்தால்தான் ஷாக்கின் கண் தடையின்றித் திரும்பும். குழல் குட்டையாகிவிட்டால் நட்டு ரப்பரை நசுக்கும், சுவிங் ஆர்ம் ஒவ்வொரு தடவை அசையும்போதும் ரப்பர் கிழியும்.

பிராக்கெட்டை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் செய்பவர்களும் உண்டு. ஷாக்கின் கீழ்முனையை முன்னால் நகர்த்தினால் சைலன்சருக்கு இடம் கிடைக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு சக்கரத்தில் எவ்வளவு உணரப்படும் என்பது, முன்னே சொன்ன விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 ஆக இருந்தது 1.2 ஆனால் போதும், அதே ஸ்பிரிங் 16 சதவீதம் தளர்ந்ததுபோல் நடந்துகொள்ளும். வண்டி முன்பைவிட அதிகமாக அமுங்கும், இடம் கிடைத்த சைலன்சருக்குப் பதில் டயர் மட்கார்டில் இடிக்கும். தூக்கிய இடத்திலிருந்து சிக்கல் இன்னோர் இடத்துக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான்.

விலை கூடிய ஷாக்குகளில் பக்கவாட்டில் ஒரு டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கு வேலை இருக்கிறது. ஷாக்கின் கடமை, ஸ்பிரிங் சேமித்த ஆற்றலை எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே பிழிந்து சூடாக மாற்றிவிடுவது. தண்டு உள்ளே நுழையும்போது அதன் கன அளவுக்கு எண்ணெய் எங்கேயாவது ஒதுங்க வேண்டும். சாதாரண ஷாக்கில் உள்ளேயே கொஞ்சம் காற்று இருக்கும். தொடர்ந்து குலுங்கினால் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும், நுரையைப் பிழிந்தால் எதிர்ப்பு இருக்காது. டப்பாவில் அழுத்தமாக அடைத்த நைட்ரஜன் எண்ணெயை நுரைக்க விடாமல் அமுக்கிப் பிடிக்கிறது, எண்ணெயின் மொத்த அளவும் கூடுவதால் சூடு ஏற நேரமாகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டப்பா எங்கே போய் உட்காரும்?

இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய ஓர் இடிபாடு வருகிறது. பின்சக்கரத்தின் பாதியாவது மறையும்படி, பின்னால் உட்கார்பவரின் துணி ஆரங்களில் சிக்காமல் காக்கும் ஒரு தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. அதே விதி கைப்பிடியையும் ஃபுட்ரெஸ்ட்டையும் கேட்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்லும் அந்தக் கம்பிச் சட்டம் பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்க ஷாக்கை ஒட்டித்தான் நிற்கும். டப்பா வைத்த ஷாக்கை மாட்டும்போது முதலில் கழன்று மூலைக்குப் போவது அதுதான். வெளிநாட்டுப் படங்களில் அது இருக்காது, அதனால் இல்லாமல் இருப்பதே அழகு என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. விடிந்ததும் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டைச் சாலையிலும் பாருங்கள். ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் சேலை முந்தானையோடும் துப்பட்டாவோடும் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து போகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஐந்து, ஆறு சுற்று சுற்றுகிறது. முந்தானை நுனி ஆரத்தில் சிக்கினால் இழுப்பதற்கு முன் கத்தக்கூட நேரம் இருக்காது.

என் கருத்தில் இதில் விவாதத்துக்கு இடமில்லை. சேலை கார்டைக் கழற்றினால்தான் பொருந்தும் என்கிற ஷாக் அந்த வண்டிக்குப் பொருந்தாத ஷாக். வழி இல்லாமல் இல்லை. டப்பா மேலே முன்பக்கம் பார்க்கும்படி, பின்பக்கம் பார்க்கும்படி என்று இடவலம் மாற்றி மாட்ட இடம் கொடுக்கும் ஷாக்குகள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் கார்டின் தாங்கியை மட்டும் மாற்றி வளைத்துக்கொள்ளலாம். தாங்கிக்கு அளவு எடுக்க சிவகாசியைவிட வசதியான ஊர் கிடையாது. காலண்டர் அட்டையை வெட்டி, மடித்து, பொருத்திப் பார்த்து, சரியான பிறகு அதை இரும்புத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் தகடு வீணாகாது.

சைலன்சருக்கு வருவோம். அங்கே எதிரி அசைவைவிடச் சூடு. எஞ்சினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப் ஓடும்போது சர்வசாதாரணமாக நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டைத் தொடும். சாதா இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும், ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் 12 பங்கு நீள்கிறது. பளபளவென்று வாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 17 பங்கு நீள்கிறது. காலை 30 டிகிரியில் மாட்டிய ஒரு மீட்டர் குழாய் 400 டிகிரிக்குப் போனால் இரும்பு 4.4 மி.மீ., ஸ்டெயின்லெஸ் 6.3 மி.மீ. நீளும். முன்முனை சிலிண்டர் ஹெட்டில் பூட்டப்பட்டிருப்பதால் இந்த நீட்சி முழுவதும் பின்பக்கம்தான் வரும். பழைய இரும்புக் குழாய்க்குப் போதுமாக இருந்த இடம், அதே வடிவ ஸ்டெயின்லெஸ் குழாய்க்குப் பற்றாமல் போவது இதனால்தான். சூடான வண்டியில் மட்டும் கேட்கும், ஆறியதும் நின்றுவிடும் ‘கிரிச்’ சத்தத்துக்கு மெக்கானிக் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் திணறுவதும் இதனால்தான். வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது ஆறிப்போயிருக்கும்.

நீள்வதைத் தடுக்க நினைத்தால் எஃகு வெல்லும். பின்தாங்கியை அசையவிடாமல் இறுக்கினால் ஒன்று தாங்கியின் வெல்டிங் விரியும், இல்லை ஹெட் ஸ்டட் முறியும். அதனால்தான் நல்ல தாங்கிகளில் துளை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும், நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். முறுக்கும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் எல்லா நட்டையும் விரலால் மட்டும் போட்டுக் குழாயைத் தன் இயல்புக்கு உட்காரவிட வேண்டும். பிறகு ஹெட் நட்டுகள், அடுத்து நடு கிளாம்ப், கடைசியில் பின்தாங்கி. நம் ஊரில் சைலன்சரின் கனத்தைத் தாங்கவேண்டுமே என்று பின்தாங்கியை முதலில் இறுக்கிவிட்டு, முன்முனையைக் கம்பியால் நெம்பி ஹெட்டில் ஏற்றுகிறார்கள். அந்த நெம்பல் குழாயிலேயே தங்கிவிடும். மாதக் கணக்கில் ஸ்டட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நெம்பி ஏற்றிய குழாயின் வாயில் கேஸ்கெட் ஒரு பக்கம் சரியாக உட்காராது. எரிந்த வாயு வெளியே கசிவது அதில் சின்ன விஷயம், காற்று உள்ளே புகுவதுதான் பெரிது. ஆக்சிலேட்டரை விட்டதும் குழாயில் அழுத்தம் நொடிப்பொழுதில் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. கசிவு வழியே உயிர்வளி நுழைந்து, எரியாமல் வந்த பெட்ரோலோடு சேர்ந்து, சூட்டில் பற்றிக்கொள்கிறது. ‘படபட’. பட்டாசு ஊரில் இளைஞர்கள் வண்டியிலும் பட்டாசு வெடிப்பதைப் பெருமையாக நினைப்பது வேடிக்கைதான். தீப்பெட்டியும் சிகரெட்டும் வாசலிலேயே தடுக்கப்படும் ஆலைக்கு, உள்ளே தடுப்புகளும் பஞ்சும் எடுத்துவிட்ட சைலன்சரில் பொறி துப்பிக்கொண்டு வேலைக்கு வருவது வேடிக்கை அல்ல.

சூட்டைப் பொறுத்தவரை தொடாமல் இருப்பது மட்டும் போதாது. குழாய் கதிர்வீச்சாக வீசும் சூடு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. ஷாக்கின் எண்ணெய், பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், சென்சார் ஒயர் எல்லாம் அந்த வீச்சுக்குள் வந்தால் மெதுவாகச் சாகும். குழாய்க்கும் ஷாக்குக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தினாலே கதிர்வீச்சுச் சூடு ஏறத்தாழ பாதியாகிவிடும். குழாயைச் சுற்றிக் கட்டும் நாடாவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நாடா மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக் குழாயை உள்ளுக்குள் அரிக்கும். 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ் 6 மாசு விதிகள் வந்த பிறகு ஏறத்தாழ எல்லா வண்டிகளின் குழாயிலும் ஆக்ஸிஜன் சென்சாரும் வினையூக்கி மாற்றியும் இருக்கின்றன. புதுக் குழாயில் சென்சாருக்கான திருகுவாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் ஒயர் எதைத் தொடுகிறது என்பதும் இப்போது இடிபாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

நாலு ஸ்ட்ரோக்கில் இடத்துக்காகக் குழாயைக் கொஞ்சம் வளைக்கலாம், கொஞ்சம் குறைக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்தச் சலுகை குறைவு. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100ஐ இன்னும் குழந்தைபோல் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய ஆசை, நடுவில் தொப்பை வைத்த ‘சேம்பர்’ சைலன்சர். அந்தத் தொப்பை சென்டர் ஸ்டாண்டை இடிக்கும், கிக்கரை இடிக்கும், வேகத்தடையை இடிக்கும். வெட்டிச் சின்னதாக்கினால் என்ன?

சின்னதாக்க முடியாததற்குக் காரணம் அலை. சிலிண்டரின் வெளியேற்று வாயில் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை குழாயில் ஓடி, பின்னால் இருக்கும் குறுகும் கூம்பில் மோதித் திரும்பி, வாயில் மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும். வந்தால்தான் வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். ஆர்எக்ஸ் 100 தன் முழுத் திறனைக் காட்டும் நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடி. வாயில் சுமார் அரைச் சுற்றுத் திறந்திருக்கும் என்று வைத்தால் கையில் இருப்பது 4 மில்லி வினாடி. 400 டிகிரி சூட்டு வாயுவில் ஒலி வினாடிக்கு 520 மீட்டர் ஓடும். போய்வர மொத்தம் 2 மீட்டர், எனவே கூம்பு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் பந்தய வண்டிகளில் கைவசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் பந்தயத்தோடு நாட்டை விட்டே தப்பி, அந்த நுட்பத்தை சுசுகியிடம் கொண்டுசேர்த்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

ஆக நீளத்தில் கை வைக்கக் கூடாது. வடிவத்தில் வைக்கலாம். அலையின் நீளத்தோடு பார்த்தால் குழாயின் குறுக்களவு மிகச் சிறியது. அதனால் அலைக்குத் தெரிவது அந்த இடத்தின் குறுக்குப் பரப்பு மட்டும்தான், அது வட்டமா நீள்வட்டமா என்று அலை பார்ப்பதில்லை. ஸ்டாண்டு இடிக்கும் இடத்தில் தொப்பையை வெட்டி, பரப்பு குறையாதபடி தட்டையாக நீள்வட்டமாக்கி வெல்டிங் செய்தால் வேகம் பெரிதாகப் போகாது. சுத்தியால் ஒரு குழி அடிப்பது அதற்கு ஈடாகாது, அதில் பரப்பு குறைந்துவிடும்.

தாழ்வாகவோ அகலமாகவோ இருக்கும் சைலன்சர் நேர்ச்சாலையில் ஒன்றும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலோ குமுளியோ ஏறும்போது வளைவில் பேசும். டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 220 மி.மீ. தள்ளி, 170 மி.மீ. உயரத்தில் சைலன்சரின் கீழ் விளிம்பு இருந்தால், வண்டி சுமார் 38 டிகிரி சாய்ந்தால்தான் அது தரையைத் தொடும். பின்னால் ஆள், மேலே பை, வளைவின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து வண்டி 40 மி.மீ. அமுங்கிவிட்டால் 31 டிகிரியிலேயே தொட்டுவிடும். தார்ச் சாலையில் சைலன்சர் ஊன்றினால் பின்டயர் தரையை விட்டு எழும்பும், அதற்குமேல் ஓட்டுபவர் கையில் ஒன்றுமில்லை. சைலன்சர் கீழே இடிக்கிறது என்றால் அதைத் தூக்கிக் கட்டுவதற்கு முன், ஆளின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்தானா என்று பார்ப்பது நல்லது. பல சமயம் குற்றவாளி தளர்ந்த ஸ்பிரிங்தான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வந்தது. சத்தத்துக்குத் தனிக் கணக்கு: 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. பட்டாசுக்கே 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று 1999இல் வரம்பு வைத்த நாடு இது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பது சிவகாசிக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கடைசியாக, அளக்கும் விதம். ஸ்பிரிங் மாட்டிய ஷாக்கை வைத்துக்கொண்டு முழு அமுக்கத்தைப் பார்க்க முடியாது. வண்டிமேல் நான்கு பேர் குதித்தாலும் அது கடைசி வரை போகாது. இரண்டு ஷாக்குகளிலும் ஸ்பிரிங்கைக் கழற்றி, வெறும் தண்டையும் அதன் முட்டு ரப்பரையும் மட்டும் மாட்ட வேண்டும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால் அதற்கான கருவி உள்ளவரே கழற்றட்டும், கயிறும் ஸ்குரூடிரைவரும் வேண்டாம். பிறகு சேசிஸைத் தாங்கி நிறுத்தி, டயருக்குக் கீழே ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்க ஏற்றலாம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலும், சைலன்சருக்கும் சுவிங் ஆர்முக்கும் நடுவிலும், சேலை கார்டுக்கும் டப்பாவுக்கும் நடுவிலும் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட வேண்டும். இறக்கிய பிறகு களிமண்ணை அறுத்து, மிக மெலிந்த இடத்தை அளந்தால் உண்மையான இடைவெளி தெரியும். அசையும் பாகங்களுக்கு நடுவே அங்கே 10 மி.மீ., சூடான குழாய்க்கும் ரப்பர், பிளாஸ்டிக் எதற்கும் நடுவே 25 மி.மீ. என்பது நான் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சம்.

ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டியதும் ஷாக்கின் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இழுத்துக் கட்டி, அதை மேலே தள்ளிவைத்துவிட்டு, தினமும் ஏற்றும் ஆட்களோடும் சுமையோடும் வேலைக்குப் போகும் வழியிலேயே ஒரு வாரம் ஓட்ட வேண்டும். தண்டு உள்ளே போன அதிகபட்ச தூரத்தை அந்த டை காட்டும். முட்டு ரப்பர் வரை அது தள்ளப்பட்டிருந்தால் ஸ்பிரிங் போதவில்லை. பெயின்டு உரசிப் பளபளக்கும் இடங்களை டார்ச் அடித்துத் தேடிவிட்டு, குழாய் நன்றாக ஆறிய பிறகு சைலன்சர் நட்டுகளை அதே வரிசையில் இன்னொரு முறை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது.